உதவி: உப்புவெளி வளவில் தலை அரியப்பட்ட வேப்பமரம், மாரிக்கு முன் தறிப்பதா, காப்பாற்றுவதா?

கேட்பவர்: உப்புவெளிவாசி

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் உள்ள அம்மாவின் வளவில் ஒரு பழைய வேப்பமரம் நிற்கிறது. வீடு சில ஆண்டுகள் வாடகைக்கு விடப்பட்டிருந்தது. அப்போது குடியிருந்தவர்கள், ஓட்டின் மேல் சருகு விழுகிறது என்று சொல்லி, ஆள் பிடித்து மரத்தின் தலையை முழுவதுமாக அரிந்துவிட்டார்கள். இப்போது வெட்டிய இடங்களில் கொத்துக்கொத்தாகத் தளிர்க்கொப்புகள் நீண்டு வளர்ந்திருக்கின்றன. ஆனால் இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் அவற்றில் சில அடியோடு பிய்ந்து விழுந்தன. மரத்தின் மேற்குப் பக்கத்தில், நெஞ்சளவு உயரத்தில், பட்டை நெடுக வெடித்திருக்கிறது. பெருவிரலால் அழுத்தினால் பட்டை உள்ளே அமுங்குகிறது, அதன் கீழ் மண்ணிறத் தூள் கொட்டுகிறது. கடந்த மாரிக்குப் பின், நிலத்தோடு ஒட்டி, சிறு தட்டளவில் ஒரு கடினமான காளான் முளைத்திருக்கிறது. மேற்புறம் மெருகிட்டதுபோல் செம்மண்ணிறம், அடிப்புறம் வெள்ளை.

பார்க்க வந்த இருவரில் ஒருவர், இலை பச்சையாக இருக்கும் மரத்துக்கு ஒன்றும் ஆகாது, கச்சானையே தாங்கி நின்றதல்லவா என்கிறார். மற்றவர் உடனே தறிக்க வேண்டும் என்கிறார். அம்மாவுக்கு அந்த நிழலை இழக்க மனமில்லை. எனக்கோ அம்மா அந்த மரத்தின் அருகிலுள்ள அறையில்தான் உறங்குகிறார் என்ற கவலை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

கிண்ணியான்

தம்பி, வளைகுடா நகரமொன்றில் வீதி மரங்களைப் பராமரிக்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் விவரிப்பில் இலையைப் பற்றியும் பட்டையைப் பற்றியும் நிறைய இருக்கிறது, வேரைப் பற்றி ஒன்றும் இல்லை. முடிவு அங்கேதான் கிடைக்கும். நான்கு விடயங்களைச் சொல்லுங்கள். மரம் வீட்டுக்கு எந்தத் திசையில் நிற்கிறது, எவ்வளவு தூரத்தில்? நெஞ்சளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவு என்ன? அண்மைக் காலத்தில் மதில், கிணறு, மலசலகூடக் குழி, தண்ணீர்க் குழாய் என்று எதற்காவது மரத்தைச் சுற்றி மண் வெட்டப்பட்டதா? காளான் எந்தப் பக்கத்தில் முளைத்திருக்கிறது?

பட்டை வெடித்ததற்கான காரணத்தை இப்போதே சொல்லிவிடலாம். தன் இலை நிழலிலேயே வளர்ந்த பட்டைக்கு வெயிலைத் தாங்கும் பழக்கம் இல்லை. தலையை ஒரே நாளில் அரிந்தால் பிற்பகல் வெயில் நேரே மேற்குப் பட்டையில் விழுகிறது. பட்டையின் உள்ளே இருக்கும் உயிருள்ள படை வெந்து இறந்துபோகிறது. பாலைநிலத்து நகரங்களில் இந்த வெயிற்காயத்தை நாங்கள் தினமும் கண்டோம். அதனாலேயே கோடையில் ஒரு மரத்தின் இலைப்பரப்பில் காற்பங்குக்கு மேல் ஒருபோதும் கழிக்கக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. வேம்பு வெயிலுக்குப் பயந்த மரமல்ல. மக்காவுக்கு அருகே அறபா பெருவெளியில் ஹாஜிகளின் நிழலுக்காக ஏறத்தாழ 50,000 வேப்பமரங்கள் நடப்பட்டன. அந்த அனலிலேயே அவை வளர்கின்றன. தலை இருந்தால் வேம்பு எந்த வெயிலையும் தாங்கும்.

உப்புவெளிவாசி

நன்றி நானா. அளந்து பார்த்தேன். சுற்றளவு 6 அடி 3 அங்குலம். மரம் வீட்டுக்கு வடகிழக்கே, சுவரிலிருந்து 14 அடி தூரத்தில் நிற்கிறது. மரத்துக்கு அப்பால், அதாவது வடகிழக்கே, ஒழுங்கை. அந்தப் பக்கத்தில் வாடகைக் காலத்திலேயே பக்கத்து வளவுக்காரர் மதில் கட்டியிருக்கிறார். மதிலின் அத்திவாரம் அடிமரத்திலிருந்து 5 அடி தூரத்தில் போகிறது. காளானும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்கம்பி மரத்தின் ஓரமாகப் போகிறது.

கிண்ணியான்

இந்த விவரங்கள் எனக்கு அச்சம் தருகின்றன. காரணத்தைச் சொல்கிறேன்.

சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு ஏறத்தாழ 2 அடி. ஒரு மரத்தை நிலத்தில் பிடித்து நிறுத்தும் பருத்த வேர்கள் அடிமரத்தைச் சுற்றிக் குறுக்களவின் மூன்று மடங்கு தூரத்துக்குள் அடங்குகின்றன. உங்கள் மரத்துக்கு அது 6 அடி. அந்த எல்லைக்குள் கிடங்கு வெட்டினால், உண்ணும் வேர் மட்டுமல்ல, தாங்கும் வேரே அறுபடுகிறது. மதில் 5 அடியில் போகிறது என்றால் வடகிழக்குப் பக்கத்துத் தாங்குவேர்கள் அறுக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டுவாயால் புகுந்த பூசணம்தான் காளானாக வெளியே தெரிகிறது. நீங்கள் வர்ணிக்கும் காளான் கனோடெர்மா இனத்தைச் சேர்ந்ததாகவே தோன்றுகிறது. அது அடிமரத்தையும் வேரையும் உள்ளிருந்து அழிப்பது. வெளியே காளான் தெரியும் வேளையில் உள்ளே அழுகல் வெகுதூரம் போயிருக்கும்.

இனி, கச்சானைத் தாங்கி நின்றது என்ற வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம் பகுதியில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். காற்று வரும் பக்கத்து வேர்கள்தான் மரத்தை இழுத்துப் பிடிக்கின்றன. கச்சான் தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும், காய்ந்த மண்ணில் வீசுகிறது. அப்போது இழுத்துப் பிடிப்பவை உங்கள் வீட்டுப் பக்கத்து வேர்கள், அவை முழுமையாக இருக்கின்றன. மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. மணல் தண்ணீரில் ஊறி இளகியிருக்கும். இழுத்துப் பிடிக்க வேண்டியவை மதிலுக்காக அறுக்கப்பட்ட அதே வேர்கள். மரம் சாயும் திசையில் அம்மாவின் அறை. ஆகவே ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் மரம் அசையாமல் நின்றது மார்கழிக்குச் சாட்சியாகாது. 1964 டிசம்பர்ப் புயலை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரேவிப் புயலும் நமக்கு வடக்கேதான் கரையைத் தொட்டது.

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்தாருக்கும் இதே தொல்லை வேறு வடிவில் உண்டு. அங்கே ஜூன் நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை புழுதிக்காற்றோடு மழை அடிக்கும். அடிமரத்தின் அருகிலேயே சொட்டு நீர் பெற்று வளர்ந்த மரங்களின் வேர் அகலவும் ஆழவும் போகாமல் மேலேயே சுருங்கிவிடுவதால், செழிப்பாகத் தெரிந்த மரங்கள் முதற்காற்றிலேயே வேரோடு சாய்கின்றன. இலையின் பச்சையை நம்பி மரத்தின் உறுதியைக் கணிக்கக்கூடாது என்பதை நான் பாலைவனத்தில்தான் படித்தேன்.

ஊகத்தை விட்டுவிட்டுக் கண்ணால் பாருங்கள். மதில் பக்கத்தில் கையாலும் சிறு கரண்டியாலும் மண்ணை மெதுவாக விலக்குங்கள். மண்வெட்டி வேண்டாம், ஆட்களை மரத்துக்கும் வீட்டுக்கும் இடையில் நிற்கவும் விடாதீர்கள். பிறகு மரச்சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டுங்கள். உறுதியான இடத்தில் ஒலி இறுக்கமாகக் கேட்கும். கோறை விழுந்த இடத்தில் மந்தமாக ஒலிக்கும். உள்ளே கோறை இருந்தாலும், எஞ்சிய நல்ல மரத்தின் தடிப்பு அரைக் குறுக்களவில் பத்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் சுற்றிலும் இருந்தால் அடிமரம் பொதுவாகத் தாங்கும். வேர் போயிருந்தால் அந்தக் கணக்கும் உதவாது.

மூன்றாம் கட்டையான்

இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை. அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குப் பட்டையை உரித்துவிட்டால் மரம் தானே பட்டுப்போகும். பாரமும் குறையும். பிறகு ஆறுதலாக, குறைந்த கூலியில் தறித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் வழமையாகச் செய்வதுதான்.

கிண்ணியான்

தம்பி, உங்கள் நல்ல நோக்கம் புரிகிறது. ஆனால் இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பட்ட மரத்தின் கொப்பு நொறுங்கும் தன்மையை அடைகிறது. அதில் ஏறுகிறவனின் கயிற்றை எந்தக் கவையில் மாட்டுவது என்று நம்பிச் சொல்ல முடியாது. வேரும் தொடர்ந்து அழுகும். உயிரோடு இருக்கும்போது ஒரு நாள் வேலையாக இருப்பது, பட்டபின் உயிராபத்தான வேலையாகிறது. தறிப்பது என்று முடிவானால், பச்சையாக இருக்கும்போதே தறிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், தம்பலகாமம்

நானா எழுதியதோடு உடன்படுகிறேன். வேர் முழுமையாக இருந்திருந்தால் நான் காப்பாற்றவே சொல்லியிருப்பேன். தளிர்க்கொப்புகளில் நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, மற்றவற்றைச் சில ஆண்டுகளில் படிப்படியாகக் கழித்து, புதிய தலை ஒன்றை உருவாக்க முடியும். தலை அரிந்த இடத்துத் தளிர்கள் மேற்படையில் மட்டும் ஒட்டியிருப்பதால்தான் கச்சானில் பிய்ந்தன.

வெட்டுவாயில் தாரோ பெயின்ரோ பூசலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். வேண்டாம். அமெரிக்க வனச் சேவையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, பெருந்தொகையான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, மரம் காயத்தை நம் தோலைப்போல் ஆற்றுவதில்லை, காயத்தைச் சுற்றி உள்ளே தடுப்புச்சுவர் எழுப்பி அழுகலை அடைத்து வைக்கிறது என்று காட்டினார். பூச்சு அந்தச் சுவருக்கு உதவுவதில்லை. உதவுவது வெட்டும் இடம்தான். கொப்பு தாய்மரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். அதைக் காயப்படுத்தாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். பாரமான கொப்பென்றால் முதலில் ஓரடி தள்ளிக் கீழிருந்து அரைவாசி வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கொப்பு விழுந்தபின் வளையத்தருகே இறுதி வெட்டு. இப்படிச் செய்யாவிட்டால் விழும் கொப்பு பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். வளவில் மாமரம் இருந்தால், காய்ப்பு முடிந்த இந்நேரத்தில் அதற்கும் இதையே செய்யலாம்.

உப்புவெளிவாசி

நேற்று மண்ணை விலக்கிப் பார்த்தோம். மதில் பக்கத்தில் என் முன்னங்கையளவு பருமனுள்ள இரண்டு வேர்கள் அத்திவாரக் கிடங்கின் ஓரத்தில் நேராக அறுக்கப்பட்டிருக்கின்றன. அறுத்த முகம் கறுத்திருக்கிறது. திருப்புளியால் குத்தினால், அது ஈரமான பஞ்சு போன்ற மரத்துக்குள் பிடிவரை இறங்குகிறது. மூன்றாவது வேர் ஒன்று பாதிதான் மிச்சம். அந்தப் பக்கத்தில் முழங்கால் உயரம்வரை தட்டினால் மந்தமான ஒலி கேட்கிறது. அதற்கு மேல் நல்ல ஒலி. அம்மாவையும் கூட்டிவந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, தறிப்பதற்குச் சம்மதித்தார். அறையை இன்றே மாற்றிவிட்டோம்.

இனி வேலையை எப்படி ஒப்படைப்பது, அனுமதி எதுவும் தேவையா, அந்த இடத்தில் மீண்டும் மரம் வைக்கலாமா என்பவற்றைச் சொல்லி உதவுங்கள்.

கிண்ணியான்

சரியான முடிவு. ஐப்பசி மழை தொடங்குமுன் வேலையை முடியுங்கள். அடியில் அழுகல் இருப்பதால் இந்த மரத்தில் ஆள் ஏறக்கூடாது. கொப்பை மரத்திலேயே கயிறு கட்டி இறக்கவும் கூடாது, ஏனென்றால் கொப்பு தொங்கும்போது விழும் குலுக்கல் முழுவதும் அறுந்த வேருக்குத்தான் போகும். கூடை பொருத்திய பாரவூர்தியை வாடகைக்கு எடுத்து, ஒழுங்கைப் பக்கத்திலிருந்து, மேலிருந்து கீழாகச் சிறு துண்டுகளாக அரிந்து இறக்கச் சொல்லுங்கள். செலவு கூடும், அம்மாவின் கூரையை நினைத்துக் கொடுங்கள். மின்சார சபைக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வேலை நடக்கும் நேரத்தில் வீட்டுக்கம்பியைத் துண்டிக்கச் செய்யுங்கள். கடைசியாக நிற்கும் அடிக்குத்தியை நிலமட்டத்தில் அரிந்து வீழ்த்த முயல வேண்டாம். வீழும் மரத்தைத் திசைப்படுத்துவது, அரியாமல் விடும் பிணைமரம்தான், அழுகிய மரத்தில் அது திடீரென முறியும். நல்ல ஒலி கேட்ட உயரத்தில் அரிந்து, மீதியைத் தோண்டி எடுங்கள். தலைக்கவசமும் கண்காப்பும் இல்லாமல் வருகிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கூலி, குப்பை அகற்றல், சேதத்துக்கான பொறுப்பு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர், தம்பலகாமம்

1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க மரம் தறித்தல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிக்க முன் அனுமதி வேண்டும். உங்களுடையது வேம்பு, எனினும் கிராம அலுவலருக்கு அறிவித்து, மரக்குத்தியை வளவுக்கு வெளியே கொண்டுபோவதானால் பிரதேச செயலகத்தில் கேட்டு அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் மறித்தால் வாகனக்காரருக்குச் சிக்கல் வராது.

அதே குழியில் மரம் வைக்க வேண்டாம், பூசணம் அழுகிய வேர்களில் தொடர்ந்து உயிர்வாழும். கைக்கு எட்டிய வேர்களைத் தோண்டி அகற்றி, வீட்டிலிருந்தும் மதிலிலிருந்தும் இருபது அடி விலகிய இடத்தில், முதல் மழைக்குப் பின் கன்றை நடுங்கள். அம்மாவுக்கு வேம்புதான் வேண்டுமென்றால் வேம்பே வையுங்கள். சிறிய மரம் போதுமென்றால் சரக்கொன்றை நல்லது. குழி வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டியளவு போதும். மாசியில் மழை ஓய்ந்தபின், தினமும் அடியில் ஒரு வாளி ஊற்றுவதை விட்டு, கிழமைக்கு ஒருமுறை, கொப்புகள் நீளும் விளிம்புக்குக் கீழே வட்டமாகப் பாத்தி கட்டி, தண்ணீர் முழங்கை ஆழத்துக்கு இறங்கும்வரை விடுங்கள். சருகை நான்கு விரல் தடிப்பில் பரப்பி, அடிமரத்தில் படாமல் ஒரு சாண் விலக்கி வையுங்கள்.