நான்கில் ஒரு செல் மட்டும் செத்துப்போவது ஏன்? டார்ச் லைட் அனுபவங்கள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த பிறகு, பட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் ஊரில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. வீட்டில் இருந்த நான்கு செல் எல்.இ.டி. டார்ச் லைட்டில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல்களைப் போட்டிருந்தேன். ஜெனரேட்டர் ஓடும் வீட்டில் கொடுத்து சார்ஜ் ஏற்றி வாங்குவதும், இரவில் அது தானாக அணையும்வரை எரிப்பதும் வழக்கமாகிவிட்டது. முதலில் மூன்று மணி நேரம் எரிந்த டார்ச், பத்து நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை.

அணைந்த கையோடு செல்களை எடுத்து மல்டிமீட்டரில் அளந்தேன். மூன்று செல்கள் 1.2 வோல்ட்டை ஒட்டி இருந்தன. நான்காவது மைனஸ் 0.1 காட்டியது. மீட்டரின் பிளஸ், மைனஸ் முனைகளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று மீண்டும் வைத்துப் பார்த்தேன், அதே எண்தான் வந்தது. அந்தச் செல்லின் பிளஸ் முனையைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெண்மையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. தொடராக அடுக்கிய செல்களில் எல்லாவற்றின் கொள்ளளவும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இளைத்த செல் முதலில் காலியாகும்போது, மற்ற மூன்றும் தங்கள் மின்னோட்டத்தை அதன் வழியாகவே தள்ளுவதால், அதன் துருவம் தலைகீழாகிறது. உள்ளே வாயு உண்டாகி, அழுத்தம் தாங்காமல் வால்வு திறந்து, மின்பகு திரவம் வெளியேறுகிறது. இழந்த கொள்ளளவு திரும்புவதில்லை என்பதால், அடுத்த முறை அதே செல் இன்னும் சீக்கிரம் காலியாகிறது. ஒற்றைச் செல் டார்ச்சில் தள்ளுவதற்கு வேறு செல் இல்லை என்பதால் இந்த ஆபத்தும் இல்லை.

குற்றம் என் பழக்கத்திலும் இருந்தது. குண்டு பல்பு போட்ட பழைய டார்ச், சார்ஜ் இறங்கினால் மஞ்சளாக மங்கி எச்சரிக்கும். அதில் போடும் பேட்டரிக் கட்டைகளை வெயிலில் காயவைத்துக் கடைசிச் சொட்டு வரை பிழிந்த வீட்டில் வளர்ந்தவன் நான். எல்.இ.டி. டார்ச்சின் மின்சுற்றோ, நான்கு செல்லின் இடத்தில் மூன்றின் வோல்ட் கிடைத்தாலும் ஏறக்குறைய அதே வெளிச்சத்தைத் தந்து, நடப்பதை மறைத்துவிடுகிறது. செல்லுக்கு ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது என்பதால், இப்போது இரண்டு மணி நேரம் எரிந்ததும், வெளிச்சம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சார்ஜருக்கு மாற்றிவிடுகிறேன். முழுவதும் காலியாக்கிய பிறகே சார்ஜ் ஏற்ற வேண்டும் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்து நம்பிக்கை, இந்தச் செல்களுக்குக் கேடுதான் செய்யும்.

மறுமொழி 1

நண்பர் சொன்னது லித்தியம் செல்லில் நடந்தால் இன்னும் மோசம். 18650 என்ற அளவில் வரும் லித்தியம் செல் இரண்டு போடும் என் டார்ச்சில், ஒன்று புதிது, மற்றது பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்தது. மொத்த வோல்ட் ஆறுக்குக் கீழே இறங்கினால் டார்ச் தானாக அணையும் என்பதால் கவலைப்படாமல் இருந்தேன். அணைந்தபின் அளந்தால் புதியது 3.5, பழையது 2.1. மொத்தத்தை மட்டும் பார்க்கும் மின்சுற்றுக்குத் தனிச் செல்லின் நிலை தெரியாது. பொதுவாக 2.5 வோல்ட்டுக்குக் கீழே விடக் கூடாது. மிகவும் இறங்கினால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கி, பிறகு சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகக்கூடும். சார்ஜரில் வைத்த பழைய செல் கை வைக்க முடியாத அளவு சூடானதும் எடுத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். வோல்ட் அளவுக்கு மீறி இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் பாதுகாப்புச் சுற்று உள்ள செல்களை வாங்கினேன். அவை சில மில்லிமீட்டர் கூடுதல் நீளம் என்பதால் முதலில் வாங்கிய ஜோடிக்கு மூடி திருகவே இல்லை.

மறுமொழி 2

எரிக்காமலேயே எனக்கு இழப்பு வந்தது. மின்னணு ஸ்விட்ச் உள்ள டார்ச், அணைத்து வைத்திருக்கும்போதும் சிறிது மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சில மாதம் அலமாரியில் கிடந்ததில் மூன்று செல்களில் ஒன்றை சார்ஜர் ஏற்கவே மறுத்துவிட்டது. இப்போது மின்தொடர்பு விட்டுப்போகும்படி பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தி வைக்கிறேன்.

முதல் பதிவர்

மூடி யோசனைக்கு நன்றி. நான் நான்கு புதிய செல்களை ஒன்றாக வாங்கி, மார்க்கரால் ‘அ’ என்று எழுதி, அவற்றை ஒன்றாகவே பயன்படுத்துகிறேன். பிழைத்த பழைய மூன்றும் ஒற்றைச் செல் டார்ச்சிலும் ரிமோட்டிலும் இருக்கின்றன.