குல்லாவின் உச்சி நெளிகிறது, எங்கே தப்பு?

மயூர்விகார்_மாடிவீடு
டிசம்பர் வருவதற்குள் ஐந்து வயதுப் பையனுக்கு ஸ்கூல் குல்லா பின்னி முடிக்கணும். தலைச் சுற்றளவு 51 செ.மீ. கருநீல 4 ப்ளை அக்ரிலிக், 4 மி.மீ. குரோஷா ஊசி. எடுத்தது ஒரு அமெரிக்கக் குறிப்பு: முதல் சுற்றில் 12 டபுள் குரோஷே, அப்புறம் 24, 36, 48. எண்ணிப் பார்த்தால் கணக்கு சரி. ஆனால் மூன்றாவது சுற்றிலேயே ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. நான் போடும் டபுள் இப்படி: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் 2 கண்ணி, மறுபடி நூல் எடுத்து இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பு. ஊசியைப் பெரிதாக்கணுமா, சின்னதாக்கணுமா? காலை ஏழு மணி பஸ், அந்தப் பனியில் காதுக்குள் காற்று போகக் கூடாது.

நூல்கண்டு
ஊசி அப்படியே இருக்கட்டும். நீங்கள் போடுவது பிரிட்டிஷ் கணக்கில்தான் டபுள், நம் வீடுகளில் பலரும் கற்றது அதுதான். அமெரிக்கக் குறிப்பில் அதற்கு சிங்கிள் என்று பெயர். அவர்கள் டபுள் என்பது நூலை ஊசியில் ஒரு தரம் சுற்றிக்கொண்டு நுழைத்து, இரண்டு இரண்டாக இறக்குவது. நாம் ட்ரெபிள் என்போமே, அது.

நெளிவதற்குக் காரணம் இதுதான். சிங்கிளின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. ஒரு சுற்று கூடினால் ஆரம் ஒரு தையல் உயரம் கூடுகிறது, சுற்றளவு அதைப் போல 6.28 மடங்கு கூடுகிறது. ஆகவே சுற்றுக்கு 6 தையல் கூட்டினால் வட்டம் தட்டையாக இருக்கும். அமெரிக்க டபுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், அதற்குத்தான் 12. குட்டைத் தையலைப் போட்டு 12 கூட்டினால் மிஞ்சின தையலுக்குப் படுக்க இடம் ஏது? நெளியத்தான் செய்யும். கிண்ணம் மாதிரி குவிந்தால் கூட்டியது போதவில்லை என்று அர்த்தம்.

காற்றுதான் கவலை என்றால் அமெரிக்க டபுளே வேண்டாம், இடைவெளி அதிகம். ஹாஃப் டபுள் போடுங்கள்: நூலைச் சுற்றி நுழைத்து இழுத்தால் 3 கண்ணி, மூன்றையும் ஒரே இழுப்பில் முடிப்பது. இதற்குச் சுற்றுக்கு 8.

குல்லா தலையைவிட 3 செ.மீ. குறைவாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். 51-க்கு 48 போதும். ஒரு சின்னச் சதுரம் பின்னி 10 செ.மீ.க்கு எத்தனை தையல் என்று பாருங்கள். 15 வந்தால் 48 செ.மீ.க்கு 72 தையல், அதாவது 8, 16, 24 என்று ஒன்பதாவது சுற்றில் 72. அப்போது வட்டத்தின் குறுக்களவு 15 செ.மீ. சுமார் இருக்கணும். அதன்பின் கூட்டாமல் நேராக, உச்சி நடுவிலிருந்து 18 அல்லது 19 செ.மீ. வரை.

சுற்றின் முதல் தையலில் ஒரு சேஃப்டி பின் மாட்டிவிடுங்கள். சுற்றை முடிக்கும் ஸ்லிப் ஸ்டிச்சை யாராவது தையலாக எண்ணினால் ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூடிக்கொண்டே போகும். கருநீலத்தில் கண்ணி கண்ணுக்கே தெரியாது, முதல் நாலு சுற்றை வெளிர் நூலில் பழகிவிட்டுத் தொடங்குவது நல்லது.

கரோல்பாக்_இரட்டைஊசி
கணக்கில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஜனவரிக் குளிருக்குக் குரோஷாவைவிட இரண்டு ஊசிப் பின்னல்தான் என் ஓட்டு. ரிப், அதாவது நேர்க் கண்ணியும் எதிர்க் கண்ணியும் மாறி மாறி வரும் விளிம்பு, இழுபடும், காதோடு ஒட்டி நிற்கும், அடுத்த வருஷமும் போடலாம்.

முதலில் ஊசி எண். நம் கடைகளில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25. அமெரிக்கக் குறிப்பில் தலைகீழ், அங்கே 8 என்பது 5 மி.மீ. மி.மீ. சொல்லி வாங்கினால் வம்பே இல்லை.

8-ஆம் ஊசியில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்தால், 10-ஆம் ஊசியில் 98 கண்ணி ஏற்றுங்கள். 2 சீதா (நேர்க் கண்ணி, நிட்), 2 உல்டா (எதிர்க் கண்ணி, பர்ல்), கடைசியில் 2 சீதா. 5 செ.மீ. ரிப் ஆனதும் 8-ஆம் ஊசிக்கு மாறி, மொத்தம் 14 செ.மீ. வரை ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா. பிறகு ஓரக் கண்ணி 1, (6 சீதா, 2 சேர்த்து 1) பன்னிரண்டு முறை, ஓரக் கண்ணி 1: மிச்சம் 86. ஒரு உல்டா வரிசை. அடுத்த தடவை 5 சீதா, அப்புறம் 4 என்று வரிசையாகக் குறைத்தால் 74, 62, 50, 38, 26, 14. மிஞ்சின 14-இல் நூலைக் கோத்து இறுக்கி, பின்பக்கம் தைத்துவிடலாம். ஓரக் கண்ணி இரண்டும் தையலுக்குள் போய்விடும், ரிப் வரிசை தப்பாது. விளிம்பை மடிக்கணும் என்றால் ரிப்பை 10 செ.மீ. ஆக்குங்கள், அப்போது மொத்தம் 14-க்குப் பதில் 19.

கண்ணி ஏற்றும்போது இறுக்கினால் நெற்றியில் சிவப்புக் கோடு விழும். ஏற்றும் வரிசைக்கு மட்டும் 7-ஆம் ஊசி எடுத்துக்கொள்ளுங்கள்.

மயூர்விகார்_மாடிவீடு
நன்றி அக்கா, இரண்டு பேருக்கும். நிட்டிங் எனக்குப் பழக்கமில்லை, ஹாஃப் டபுளிலேயே போகிறேன். காது மடல் வைக்க முடியுமா? பிரித்த நூலை மறுபடி உபயோகிக்கலாமா? சுருண்டு சுருண்டு நிற்கிறது.

நூல்கண்டு
72 தையலை இப்படிப் பிரியுங்கள்: முன்னால் 34, பின்னால் 14, காதுக்கு இரண்டு பக்கமும் 12. மடலுக்கு 12-இல் இரண்டு வரிசை நேராக, அப்புறம் வரிசைக்கு இரு முனையிலும் ஒவ்வொன்று குறைத்து 4 வரை. சுமார் 5 செ.மீ. நீளம் வரும். கன்னத்தில் கட்டும் கயிறு மட்டும் வேண்டாம், விளையாடும்போது எதிலாவது மாட்டினால் கழுத்தை இறுக்கும். உள்ளே பழைய பனியன் துணியை வளையமாக வைத்துத் தைத்தால் காற்றும் நிற்கும், நெற்றியும் அரிக்காது. துணி இழுபடும் பக்கம் தலையைச் சுற்றி வரணும்.

பிரித்த நூலைத் தாராளமாகப் போடலாம். நாற்காலி முதுகில் சுற்றி நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றித் தொங்கவிடுங்கள். சுருள் விட்டுவிடும். அயர்ன் பாக்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள், அக்ரிலிக் சூட்டில் துவண்டால் திரும்ப எழும்பாது.

கரோல்பாக்_இரட்டைஊசி
இந்த அளவுக்கு 60 கிராம் சுமார் ஆகும். மடலும் வைப்பதால் 100 கிராம் கையில் இருக்கட்டும். வாங்கும்போது எல்லா உருண்டையிலும் லாட் எண் (ஒரே தடவை சாயம் ஏற்றியது என்பதற்கான எண்) ஒன்றா என்று பாருங்கள். கருநீலம் கடை விளக்கில் ஒன்றுபோலத் தெரியும், வெயிலில் பார்த்தால் பாதிக் குல்லா வேறு நீலம்.