வசந்தகாலக் குட்டி மிருகப் படம்: நாலு வயசுப் பிள்ளைகளுக்கு நிறம் தீட்டக் குடுக்கிறது எப்படி?

பாலர்_டீச்சர் (களுவாஞ்சிக்குடி)
வணக்கம். இணையத்தில எடுத்த படம் ஒண்டு கிடக்கு. செம்மறிக் குட்டி, ரெண்டு கோழிக்குஞ்சு, ஒரு முயல், சுத்திவர டியூலிப் பூ. ஏ4 தாளில போட்டோகொப்பி அடிச்சு 18 பிள்ளைகளுக்குக் குடுக்கவேணும். வயசு மூன்றரையில இருந்து ஐந்து வரை. கைவசம் 12 நிற எண்ணெய் பேஸ்டல் 6 பெட்டி, பழைய மெழுகுக் கிரேயோன், கட்டி வாட்டர் கலர் ஒரு பெட்டி.

போன தடவை வந்த சிக்கல்: மஞ்சள் குஞ்செல்லாம் கடைசியில அழுக்குப் பச்சை. மேசைப் பலகையின் வரி தாளில அப்படியே விழுந்திட்டு. கோட்டுக்கு வெளியே போகுதெண்டு தாய்மாரும் குறை சொல்றாங்க. என்ன செய்யலாம்?

சித்திரப்பாடம் (கல்முனை)
டீச்சர், பிள்ளைகளில பிழை இல்லை, படத்தில்தான் பிழை. நாலு வயசில கை அசையிறது தோளிலயும் முழங்கையிலயும் இருந்து. மணிக்கட்டை மட்டும் திருப்பி ஒரு சின்னப் பூவுக்குள்ள நிறத்தை நிப்பாட்ட ஏலாது. ஒரு தாளுக்கு ஒரு மிருகம் போதும். தாளில முக்கால்வாசியை அது பிடிக்கவேணும். கோடு 2 மில்லிமீற்றராவது தடிப்பா இருக்கட்டும். மார்க்கர் பேனையால நீங்களே ஒரு குஞ்சைக் கீறி அதைக் கொப்பி அடியுங்க. டியூலிப்பை விட்டிருங்க.

அழுக்குப் பச்சைக்குக் காரணம், எண்ணெய் பேஸ்டல் காயிறதில்லை. வானத்துக்குப் பூசின நீலத்தையும் கண்ணுக்கு வச்ச கறுப்பையும் கை இழுத்துக்கொண்டு வந்து மஞ்சளில தேய்க்குது. அதனால வெளிர் நிறம் முதல், கடும் நிறம் கடைசி. குஞ்சுக்கு ஒழுங்கு இதுதான்:

உடம்பு முழுக்க மஞ்சள். வயித்தடியிலயும் செட்டைக்குக் கீழயும் அதுக்கு மேல கொஞ்சம் செம்மஞ்சள். வெறும் மஞ்சள் வெள்ளைத் தாளில எடுபடாது, இந்தச் செம்மஞ்சள்தான் குஞ்சைத் தூக்கிக் காட்டும். சொண்டும் காலும் அதே நிறம். பிறகு பின்னணி. உடம்புக் கோட்டில இருந்து ஒரு நெல்லுமணி அகலம் இடம் விட்டுப் பூசச் சொல்லுங்க, நீலமும் மஞ்சளும் முட்டாது. கறுப்பு பேஸ்டலை மட்டும் நீங்க வச்சிருந்து கடைசி ரெண்டு நிமிசத்தில கண்ணுக்குக் குடுங்க.

பூசிற திசையையும் காட்டிவிடுங்க. தலையில இருந்து வாலுக்கு, இறகு படிஞ்சிருக்கிற பக்கமா, குட்டைக் குட்டைக் கீறலா. குறுக்கே பூசினா குஞ்சு மாங்காய் மாதிரி வரும்.

ஒவ்வொரு மஞ்சளின் முனையையும் இடைக்கிடை பழந்துணியில துடைக்கவேணும். பலகை வரிக்குத் தாளுக்கு அடியில பத்திரிகை நாலைஞ்சு மடிப்பு வையுங்க. பேஸ்டல் பெட்டியை யன்னல் வெயிலில வைக்காதீங்க. சித்திரை வெயிலில இளகி, தொட்டாலே அப்பும்.

வர்ணக்கூடு (சம்மாந்துறை)
அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். சேர் சொன்ன ஒழுங்கு சரி. ஆனா செம்மறிக் குட்டியைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஐரோப்பாவில மார்ச்சில இருந்து மே வரைக்கும் வசந்தம். குளிர் போய்ப் புல் வாற நேரம், பண்ணைகளில குட்டியும் குஞ்சுமா இருக்கும். அதை ஒரு வசனத்தில சொல்லுங்க. நமக்கு மாரி விட்டு, பெரும்போக வேளாண்மை வெட்டுற பெப்ரவரி, மார்ச்சை ஒட்டி அடுத்த நாள் எருமைக் கன்று குடுக்கலாம். சாம்பலும் மண்ணிறமும் போதும், பென்னாம் பெரிய உடம்பு, சின்னப் பிள்ளைக்கு அதைவிட இலகுவான படம் இல்லை. நாட்டுக்கோழிக் குஞ்சு எண்டா மண்ணிறம், முதுகில கடும்நிறக் கோடு. எல்லாக் குஞ்சும் மஞ்சள் எண்டு பழக்காதீங்க.

வெள்ளைச் செம்மறிக்கு நிறமே வேணாம். சுத்திவரப் பச்சை பூசினா அதுவா வெள்ளையாத் தெரியும். வாட்டர் கலரும் இருக்கிறதால இப்படிச் செய்யலாம்: வெள்ளைக் கிரேயோன், இல்லாட்டி மெழுகுதிரித் துண்டால உடம்பு முழுக்கச் சுருள் சுருளாக் கீறச் சொல்லி, மேல ஐதாக் கரைச்ச சாம்பல் நீலத்தைப் பெரிய தூரிகையால ஒரு இழுப்பு. மெழுகு தண்ணியை ஒட்டவிடாது, கம்பளிச் சுருள் வெள்ளையா எழும்பும். புள்ளிமான் குட்டிக்கும் இதே வேலைதான். மெழுகால புள்ளி வச்சு, மேல மண்ணிறம். மெழுகை அழுத்திப் போடவேணும். தடவினாப்போல விட்டா புள்ளி மங்கும்.

ரெண்டு விசயம் கவனம். போட்டோகொப்பிக் கோடு தண்ணியில கலையாது, ஆனா மை தெளிக்கிற வீட்டுப் பிரிண்டரில எடுத்தா அனேகமாக் கோடு கரைஞ்சு முகமெல்லாம் ஓடும். மற்றது, 80 ஜிஎஸ்எம் தாள், அதாவது சாதாரண மெல்லிய கொப்பித் தாள், ஈரத்தில சுருளும். தடிச்ச சித்திரத் தாளில கொப்பி எடுத்து நாலு பக்கமும் ரேப் ஒட்டி, காயும்வரை கழட்டாம விடுங்க.

பாலர்_டீச்சர் (களுவாஞ்சிக்குடி)
நன்றி ரெண்டு பேருக்கும். பைண்டர் கம்மால (போத்தலில வாற வெள்ளைப் பசை) கோட்டுக்கு மேல வரம்பு கட்டுறதெண்டு கேள்விப்பட்டன். சரிவருமா? 6 பெட்டியில 6 மஞ்சள்தானே, அடிபாட்டுக்கு என்ன வழி?

சித்திரப்பாடம் (கல்முனை)
வரும். போத்தல் மூக்கால மெல்லிசா, ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் அகலத்துக்கு இழுத்து, ஒரு இரவு காயவிடுங்க. பேஸ்டல் வரம்பில தட்டும்போது பிள்ளைக்கு எல்லை விரலில விளங்கும். தடிப்பா ஊத்தினா மேல தோல் கட்டி உள்ளே ஈரம் நிக்கும். அடுக்கி வச்சா தாளோட தாள் ஒட்டிப்போகும். மாரியில ரெண்டு நாளும் எடுக்கும். 18 தாளுக்கும் செய்யிறது வீண் வேலை, கை இன்னும் அடங்காத அஞ்சாறு பேருக்குச் செய்தாப் போதும். தாய்மாருக்குச் சொல்லுங்க, மூன்றரை வயசில வெளியே போறது வளர்ச்சியின் படிதான்.

மஞ்சளை மூண்டு துண்டா முறியுங்க, தலைக்கு ஒண்டு வரும். துண்டு 2, 3 சென்ரிமீற்றரா இருந்தா முழுக்கையாலயும் பொத்திப் பிடிக்க ஏலாது, தானா மூண்டு விரலால பிடிக்கும். நாலைஞ்சு பேருக்கு ஒரு சிரட்டையில, அந்தப் படத்துக்குத் தேவையான நிறங்களை மட்டும் போட்டு வையுங்க. 20 நிமிசத்துக்கு மேல இழுக்காதீங்க. அதுக்குப் பிறகு எல்லாத்துக்கும் மேல ஒரே நிறத்தை இழுத்துவிடுவாங்க.

வர்ணக்கூடு (சம்மாந்துறை)
மேசையில அப்பின பேஸ்டலுக்குத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, பிறகு சவர்க்காரத் தண்ணி. சட்டையில பட்டா உடனே நனைக்காதீங்க. கரண்டி விளிம்பால சுரண்டி எடுத்து, கோப்பை கழுவுற திரவத்தைக் காய்ஞ்ச துணியிலயே தேய்ச்சு 10 நிமிசம் விட்டுக் கழுவுங்க.