மெத்தியோரா மடங்கள்: முட்டிவலி உள்ள அம்மாவை அழைத்துப் போகலாமா?

தண்ணீர்மலை வாசி (பினாங்கு)

செப்டம்பரில் அம்மா, அண்ணன், நான் மூவரும் கிரீஸ் போகிறோம். ஏதென்ஸில் கார் வாடகைக்கு எடுத்து அண்ணன் ஓட்டுவார். கலம்பாக்கா ஊருக்கு மேலே பாறை உச்சியில் இருக்கிற ஆர்த்தடாக்ஸ் மடங்களைப் போனில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு அதே பேச்சு. நான் படியைப் பற்றி வாயைத் திறந்தால், "தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படி ஏறியவளுக்கு இதெல்லாம் ஒரு படியா?" என்கிறார். ஏறினார்தான், ஆனால் அது நான்கு தைப்பூசத்துக்கு முந்தி. இப்போது பேரங்காடியில் எஸ்கலேட்டர் ஓடவில்லை என்றால் மேல்மாடியே வேண்டாம் என்று திரும்பிவிடுகிறார்.

அவரால் முடியுமா? ஒரே நாளில் ஆறு மடங்களையும் பார்க்கலாமா? உடை, சைவச் சாப்பாடு பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செந்தூல்காரன் (கோலாலம்பூர்)

தங்கச்சி, நான் மனைவி, மாமியாரோடு போய் வந்தவன். மாமியாருக்கும் முட்டிதான் பிரச்சினை, அதனால் அனுபவத்தில் சொல்கிறேன்.

ஆறு மடம் என்ற கணக்கை முதலில் விடுங்கள். அம்மாவுக்கு உரியது புனித ஸ்தெஃபானோஸ் மடம். படி ஏறவே வேண்டாம், சாலையிலிருந்து ஒரு சின்னப் பாலம், தாண்டினால் வாசல். 1961-லிருந்து கன்னியாஸ்திரிகள் பார்த்துக்கொள்கிறார்கள். முற்றத்து ஓரத்தில் நின்றால் கலம்பாக்காவும் தெசாலி சமவெளியும் காலடியில் கிடக்கும். மாமியார் அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார், எழுப்பவே மனசு வரவில்லை.

பெரிய மெத்தியோரான் என்கிற மடத்துக்கு முந்நூறு படி இருக்கும். நம் பத்துமலையின் 272-ஐ விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் பாதையே வேறு மாதிரி. கார் நிறுத்துமிடத்திலிருந்து முதலில் பள்ளத்துக்கு இறங்கி, அப்புறம்தான் எதிர்ப்பாறையில் ஏறவேண்டும். திரும்பும்போதும் அதே கதை. முட்டிவலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் உயிர் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு விவரம் பேசுகிற நான் என்ன செய்தேன் தெரியுமா? செவ்வாய்க்கிழமை போனேன். அன்றுதான் பெரிய மெத்தியோரானுக்கு விடுமுறை. ஒவ்வொரு மடமும் வாரத்தில் ஒரு நாளாவது மூடும், கிழமை மாறும். ஸ்தெஃபானோஸுக்குத் திங்கள். மதியத்திலும் நம் கோயில் மாதிரி நடை சாத்துகிற மடங்கள் உண்டு. கிழமையைப் பார்த்துவிட்டு ஹோட்டல் போடுங்கள். மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

மறுநாள் மாமியாரை விடுதியில் விட்டுவிட்டு நாங்கள் வர்லாம் மடத்துக்கு ஏறினோம். அங்கே பழைய கயிற்று வலையையும் உருளையையும் வைத்திருக்கிறார்கள். 1920-களில் பாறையில் படி வெட்டும்வரை துறவிகள் வலையில் உட்கார்ந்து மேலே போவார்கள், இல்லையென்றால் தொங்கு ஏணிதான். ஒரு காலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட மடங்கள் இருந்த இடம் இது. மெத்தியோரா என்றாலே அந்தரத்தில் தொங்குவது என்று பொருளாம். அந்த வலையைப் பார்த்த பிறகு பெயருக்கு விளக்கமே வேண்டாம்.

உடை: பெண்களுக்கு நீளப்பாவாடை, தோள் மூடியிருக்கவேண்டும். மாமியாரின் சேலையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி பஞ்சாபி சூட்டில் போனார், கால்சட்டைதானே என்று வாசலில் ஒரு துணியைக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நம்ம வீட்டுக் கைலி ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டால் போதும். அண்ணனுக்கு அரைக்கால்சட்டை கூடாது. மாதாகோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள். மடத்துக்கு மடம் தனிக் கட்டணம், சில்லறை யூரோ வைத்திருங்கள்.

ஆட்டோ கியர் (கோலாலம்பூர்)

ஓட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அண்ணன் நம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்தே ஆகவேண்டும். அங்கே பெரும்பாலும் மேனுவல் கார்தான், ஆட்டோ வேண்டுமென்றால் இப்போதே சொல்லிவையுங்கள். வலப்பக்கம் ஓட்டவேண்டும். முதல் ரவுண்டானாவில் நான் நேரே எதிர்த்தடத்துக்குள் போய்விட்டேன், நல்லவேளை காலை ஆறு மணி. ஏதென்ஸிலிருந்து தூரம் சுமார் 350 கிலோமீட்டர், பினாங்கிலிருந்து கோலாலம்பூர் வருகிற மாதிரி. டோலும் அதே மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

சைவத்துக்கு ஒரு வழி: கடையில் "நிஸ்தீசிமோ" இருக்கிறதா என்று கேளுங்கள். அவர்களுடைய விரதச் சாப்பாடு. இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. கணவாய், இறால் மட்டும் விரதத்தில் சேர்த்தி, அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அரிசி அடைத்த தக்காளி, தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய பீன்ஸ் எல்லாம் அம்மாவுக்குப் பிடிக்கும்.

தண்ணீர்மலை வாசி (பினாங்கு)

ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். வியாழன், வெள்ளி இரண்டு இரவு கலம்பாக்காவில் தங்குவது என்று மாற்றிவிட்டோம். பாலம் வழியாகப் போகிற மடத்துக்கு அம்மா சரி என்றுவிட்டார். எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். அந்த வலையில் இப்போதும் ஆளைத் தூக்குவார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரிக்கச் சொல்கிறார்.