1967 கமாரோ: கிளட்சை விட்டதும் பின் சக்கரங்கள் துள்ளுகின்றன, எதை முதலில் மாற்றுவது?

நீலக்கமாரோ:
அனைவருக்கும் வணக்கம். டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த பிறகு 1967 ஷெவர்லே கமாரோ எஸ்எஸ் ஒன்றை வாங்கினேன். 350 எஞ்சின், மன்சி எம்20 நான்கு கியர் பெட்டி, 12 போல்ட் பின் ஆக்சில், பாசிட்ராக்ஷன் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் அமைப்பு), ஆக்சில் விகிதம் 3.55. பின்னால் தொழிற்சாலையில் போட்ட ஒற்றைப் பட்டை ஸ்பிரிங்தான் இன்னும் இருக்கிறது.

மெதுவாகக் கிளப்பினால் எந்தக் குறையும் இல்லை. முதல் கியரில் கொஞ்சம் அழுத்தமாகக் கிளப்பினாலோ, இரண்டாவது கியருக்கு வேகமாக மாற்றினாலோ, பின்பக்கம் சம்மட்டியால் அடிப்பதுபோல் தடதடவென்று அதிர்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால்தான் நிற்கிறது. ஒரு பட்டறையில் காட்டினேன். ஏர் ஷாக் (காற்று நிரப்பி உயர்த்தும் ஷாக்) போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். அதன் பிறகு துள்ளல் கூடியிருக்கிறது.

பல பட்டை ஸ்பிரிங் போடு என்கிறார் ஒருவர். ஆக்சில் முறுக்குவதைத் தடுக்கும் ஸ்லாப்பர் பார் என்ற கம்பி போதும் என்கிறார் இன்னொருவர். அதே வேலைக்கான கால்ட்ராக்ஸ் கம்பி, பட்டைக்குப் பதில் நான்கு கம்பிகளால் ஆக்சிலைப் பிடிக்கும் ஃபோர் லிங்க் என்று பேச்சு நீள்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க வசதியில்லை. ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூ கார் ஊர்வலத்துக்கு எடுத்துப்போக வேண்டும், எப்போதாவது டிராக் ஸ்ட்ரிப்பிலும் ஓட்டிப்பார்க்க ஆசை. காரின் அசல் தோற்றத்தைக் கெடுக்க மனமில்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

ராயல்ஓக்வாசி:
தம்பி, எதையும் வாங்குவதற்கு முன் தரையைப் பாருங்கள். கிளப்பிய இடத்தில் டயர் விட்ட கறுப்புத் தடம் எப்படி இருக்கிறது? ஒரு தடம் மட்டும் என்றால் பாசிட்ராக்ஷனின் கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கின்றன. இரண்டு தடங்களும் முறியாமல் நீளமாக ஓடினால் டயருக்குப் பிடிப்பு போதவில்லை. இரண்டும் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக இருந்தால் ஆக்சில் முறுக்கிக்கொண்டு துள்ளுகிறது. மூன்றும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு வேறு.

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் எண்ணில் கடைசி நான்கு இலக்கங்களையும் எழுதுங்கள். முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.

நீலக்கமாரோ:
நன்றி அண்ணா. இரண்டு பக்கமும் தடம் விட்டுவிட்டுத்தான் இருக்கிறது. டயரில் 3109 என்று இருக்கிறது. அப்படியென்றால் 2009ஆம் ஆண்டு 31ஆம் வாரம். பள்ளம் ஆழமாக இருப்பதால் நல்ல டயர் என்றே எண்ணியிருந்தேன்.

பட்டைக்காரர்:
பள்ளம் ஆழமாக இருந்தும் பயனில்லை, ரப்பர் இறுகிவிட்டது. அந்த டயரை வைத்துக்கொண்டு எந்த சஸ்பென்ஷனையும் மதிப்பிட முடியாது. பாதுகாப்புக்காகவும் மாற்றத்தான் வேண்டும். 15 அங்குலச் சக்கரம் போட்டிருந்தால் 245/60 அளவில், தேய்மான எண் (டயரின் பக்கவாட்டில் ட்ரெட்வேர் என்று இருக்கும்) 200 அல்லது அதற்குக் கீழே உள்ள டயராகப் பாருங்கள். 400க்கு மேல் எண் உள்ள டயர் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் பொதுவாகப் பிடிப்பு குறைவு.

இனி துள்ளலுக்கு வருகிறேன். இதை விளங்கிக்கொண்டால் எந்தக் கடைக்காரரும் உங்களைக் குழப்ப முடியாது.

1967 எஸ்எஸ் 350 எஞ்சினுக்கு அன்றைய கணக்கில் 380 பவுண்டு-அடி முறுக்குவிசை. எம்20 பெட்டியின் முதல் கியர் 2.52. ஆக்சில் விகிதம் 3.55. மூன்றையும் பெருக்கினால் சுமார் 3,400 பவுண்டு-அடி. இந்த விசை சக்கரங்களை முன்னோக்கிச் சுழற்றும்போது, அதே அளவு எதிர்விசை ஆக்சில் கூட்டைப் பின்னோக்கிச் சுழற்றப் பார்க்கிறது, அதாவது பினியன் மூக்கு (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் கூட்டின் முன்முனை) மேலே எழுகிறது. அதைத் தடுத்துப் பிடிக்க உங்கள் காரில் பக்கத்துக்கு ஒரே ஒரு இரும்புப் பட்டைதான் இருக்கிறது. பட்டையின் முன்பாதி மேல்நோக்கி வளைகிறது, பின்பாதி கீழ்நோக்கி வளைகிறது. டயர் பிடியை இழந்த கணமே முறுக்கு அவிழ்ந்து பட்டை பழைய இடத்துக்குத் திரும்புகிறது. டயர் மறுபடி தரையைக் கவ்வுகிறது, மறுபடி முறுக்கேறுகிறது. நீங்கள் கேட்கும் தடதடப்பு இதுதான்.

ஷெவர்லேவுக்கும் இது தெரிந்திருந்தது. 1967இல் எல்லாக் கமாரோவிலும் ஒற்றைப் பட்டைதான். வலுவான எஞ்சின் போட்ட சிலவற்றில் வலப்பக்கம் மட்டும் ஒரு தாங்குகம்பி வைத்தார்கள். அடுத்த ஆண்டே வலுவான மாடல்களுக்குப் பல பட்டை ஸ்பிரிங் வந்தது; ஒரு ஷாக்கை ஆக்சிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னும் தள்ளி வைத்தார்கள். 1967இல் இரண்டு ஷாக்கும் முன்பக்கமே இருந்ததால் அவற்றால் துள்ளலை அடக்க முடியவில்லை.

ஆகவே உங்களுக்கு வேண்டியது முறுக்கைத் தடுக்கும் ஒரு கம்பி. ஸ்பிரிங்கை விறைப்பாக்குவது இரண்டாம் பட்சம். பின்பக்கத்தைத் தூக்கவே தேவையில்லை. அந்த ஏர் ஷாக்கை இன்றே கழற்றுங்கள். ஷாக் பொருந்தும் இடம் காரின் எடையைச் சுமக்க வடிவமைக்கப்பட்டதல்ல.

மோபார்ரசிகை:
நானும் ஒன்று சொல்கிறேன், என்னுடையது பிளிமத். கிரைஸ்லர் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. ஆக்சிலைப் பட்டையின் நடுவில் வைக்காமல் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதனால் முன்பாதி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கிறது, எளிதில் வளைவதில்லை. பினியனுக்கு மேலே ஒரு ரப்பர் கட்டையும் இருக்கும். மூக்கு எழும்பினால் அது தரைத்தகட்டில் முட்டி நின்றுவிடும். பட்டை ஸ்பிரிங்கே மட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள் தம்பி. ஒழுங்காக அமைத்தால் அது நன்றாகவே பிடிக்கும். இந்தக் காருக்கு ஃபோர் லிங்க் போடுவதென்றால் தரையை வெட்ட வேண்டிவரலாம். அசல் தோற்றம் வேண்டும் என்கிறீர்கள், அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

எட்டுசிலிண்டர்:
ஸ்லாப்பர் பார் போதும். 1970களில் தெருவெல்லாம் அதைத்தான் போட்டு ஓட்டினார்கள், விலையும் குறைவு. நுனியில் உள்ள ரப்பர் சரியாகப் பட்டையின் முன் கண்ணுக்கு (பட்டையின் முன்முனையில் போல்ட் நுழையும் வளையம்) நேர் கீழே வர வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்குப் பின்னால் பட்டையில் இடித்தால் பட்டையையே வளைத்துவிடும்.

பட்டைக்காரர்:
எட்டுசிலிண்டர் சொல்வதில் தவறில்லை, வேலை செய்யும். ஆனால் இவருக்கு நான் கால்ட்ராக்ஸைத்தான் சொல்வேன். ஸ்லாப்பர் பாரில் ரப்பருக்கும் கண்ணுக்கும் இடையில் இடைவெளி உண்டு. அது மூடும் வரை முறுக்கேறும், மூடும்போது இடிக்கும். வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டு வெளியே நன்றாகத் தெரியவும் செய்யும்.

கால்ட்ராக்ஸில் முன் கண்ணில் ஒரு முக்கோணத் தகடு சுழலும்படி பொருந்துகிறது. ஆக்சிலுக்கு அடியிலிருந்து ஒரு கம்பி வந்து அந்தத் தகட்டின் கீழ்முனையைத் தொடுகிறது. ஆக்சில் முறுக்கத் தொடங்கினால் அதன் அடிப்பகுதி முன்னே நகரும், கம்பி தகட்டைத் தள்ளும், தகடு சுழன்று பட்டையின் முன்பாதியை மேலிருந்து கீழே அழுத்தும். மேலே வளைய வேண்டிய பட்டையை, வளைக்கப்பார்த்த விசையே கீழே அமுக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது. முறுக்கைக் கம்பி பார்த்துக்கொள்வதால் ஒற்றைப் பட்டையே போதும், சாலையில் சொகுசும் குறையாது.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் நன்றாக அமிழ்ந்தால்தான் டயருக்கு எடை போகும் என்பார்கள். எவ்வளவு எடை பின்னால் போகும் என்பதை முடுக்கமும், எடைமையத்தின் உயரமும், இரு அச்சுகளுக்கு இடையிலான நீளமும்தான் முடிவு செய்கின்றன. உங்கள் காரில் அந்த நீளம் 108 அங்குலம். எடைமையம் 20 அங்குல உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அரை ஜி முடுக்கத்தில் காரின் எடையில் சுமார் 9 சதவீதம் பின்னால் போகும். 1,500 கிலோ காரில் ஏறத்தாழ 140 கிலோ. எந்த ஸ்பிரிங் போட்டாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அந்த எடை எவ்வளவு வேகமாக டயருக்கு வந்து சேருகிறது, டயர் தரையை விடாமல் இருக்கிறதா என்பவைதான் நம் கையில் இருக்கின்றன.

ராயல்ஓக்வாசி:
கம்பியை ஆர்டர் செய்யும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் உள்ள ரப்பர் திண்டுகள், முன் கண்ணின் புஷ், அந்தக் கண் பொருந்தும் இடத்தில் துரு. துருதான் முக்கியம். மிச்சிகன் பனிக்காலத்தில் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள், அரை நூற்றாண்டு தாண்டிய தகடு அது. புதுக் கம்பி தள்ளும் விசை முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும்.

பினியன் கோணத்தையும், அதாவது டிரைவ் ஷாஃப்டோடு ஒப்பிட்டால் பினியன் மூக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் அளந்துவிடுங்கள். கார் தன் சக்கரங்களிலேயே நிற்க வேண்டும், ஜாக்கில் அல்ல.

நீலக்கமாரோ:
பார்த்துவிட்டேன். துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது, சுத்தியலால் தட்டினால் கெட்டியாக ஒலிக்கிறது. ஆனால் வலப்பக்கத் திண்டு நொறுங்கிப் பொடியாகிவிட்டது, அங்கே பட்டையே அசைகிறது! ஏர் ஷாக்கைக் கழற்றிச் சாதாரண ஷாக் போட்டு அளந்ததில், பினியன் மூக்கு டிரைவ் ஷாஃப்டைவிட 1 டிகிரி மேலே பார்க்கிறது.

பட்டைக்காரர்:
பாதிக் காரணம் கிடைத்துவிட்டது. வேகமெடுக்கும்போது மூக்கு இன்னும் எழும் என்பதால், நிற்கும்போது அது கீழே பார்க்க வேண்டும். கம்பி போட்ட பிறகு சுமார் 2 டிகிரி கீழே இருந்தால் தெருவுக்குப் போதும். ஆக்சில் திண்டுக்கும் பட்டைக்கும் நடுவில் சரிவான ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.

முதலில் திண்டுகள், டயர், ஆப்புத் தகடு. ஓட்டிப் பார்த்துவிட்டு, துள்ளல் மிச்சமிருந்தால் கம்பி. கடைசியாகப் பின்னால் சரிசெய்யக்கூடிய ஷாக். கம்பி வேலை செய்யும்போது காரின் பின்பகுதி அமிழாமல் எழும்பப் பார்க்கும். அது மிக வேகமாக எழுந்து உடனே விழுந்தால் டயர் பிடியை விட்டுவிடும். ஷாக் விரியும் திசையில் கொஞ்சம் இறுக்கம் கொடுத்தால் அடங்கும்.

எட்டுசிலிண்டர்:
ஒரு எச்சரிக்கை. இதுவரை டயர் வழுக்கியதால் தப்பிய பாகங்கள், இனிப் பிடிப்பு வந்ததும் முழு அடியையும் வாங்கும். 12 போல்ட் வலுவானதுதான். ஆனால் அதிலும் ஆக்சில் தண்டை உள்முனையில் ஒரு சின்ன சி வடிவக் கிளிப்தான் பிடித்து வைத்திருக்கிறது. தண்டு முறிந்தால் சக்கரத்தோடு வெளியே வந்துவிடும். டிராக் ஸ்ட்ரிப்பில் ஒட்டும் டயர் போடுவதாக இருந்தால் முதலில் புதுத் தண்டுகளைப் போடுங்கள். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நீலக்கமாரோ:
திண்டு, டயர், ஆப்புத் தகடு மூன்றும் முடிந்தன. வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. அரை ஆக்சிலரேட்டரில் இப்போது துள்ளல் இல்லை. முழுதாக மிதித்தால் மட்டும் இரண்டாவது கியரில் கொஞ்சம் வருகிறது. கால்ட்ராக்ஸ் ஆர்டர் செய்துவிட்டேன். பொருத்தும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? வலப்பக்கம் அதிகம் இறுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அது உண்மையா?

பட்டைக்காரர்:
உண்மைதான், காரணமும் இருக்கிறது. டிரைவ் ஷாஃப்டின் முறுக்கு இடப் பின் டயரைத் தரையில் அழுத்துகிறது, வலப் பின் டயரைத் தூக்கப் பார்க்கிறது. அதை ஈடுகட்ட வலப்பக்கக் கம்பிக்குச் சிறிது முன்னழுத்தம் கொடுப்பார்கள். தெரு ஓட்டத்துக்கு இரண்டையும் கையால் திருகி, ஆட்டம் போகும் அளவுக்கு வையுங்கள். கார் கிளம்பும்போது ஒரு பக்கம் இழுத்தால் வலப்பக்கம் கால் சுற்றுக் கூட்டிப் பாருங்கள். இதைச் சரிசெய்யும்போது கார் சக்கரத்தில் நிற்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்கு ஒருவர் உட்கார வேண்டும்.

ராயல்ஓக்வாசி:
முன் கண்ணில் ரப்பர் புஷ் என்றால், அந்தப் போல்ட்டை ஜாக்கில் தொங்கும்போது இறுக்காதீர்கள். காரைத் தரையில் இறக்கிய பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். ஆக்சில் கீழே தொங்கும்போது பின் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து எல்லாப் போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள், புதுத் திண்டு அமுங்கியிருக்கும்.