மறு: ‘மறைமுக அனுப்பல்’ வேண்டாம், ‘நகல்சுட்டி’ என்று வைக்கலாம்

வணக்கம் நண்பர்களே,

சி மொழிக் கலைச்சொல் பட்டியலுக்காக, ஒரு ஸ்ட்ரக்ட்டை (பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) செயற்கூறுக்கு (ஃபங்ஷன்) அனுப்பும் முறைகளுக்குப் பெயர் தேடுகிறோம். அதில் வந்த ஒரு கருத்து:

> ஸ்ட்ரக்ட்டை நேரே தராமல் முகவரியைத் தருவதால் ‘மறைமுக அனுப்பல்’ போதுமே.

போதாது ஐயா. இதைப் படிக்கிற மாணவர், மூல மாறியையே மாற்றிவிடக்கூடிய சுட்டுவழி அனுப்பலைத்தான் நினைத்துக்கொள்வார், இங்கே நடப்பது வேறு. இரண்டு டபிள் எண்கள் (ஒவ்வொன்றும் 8 பைட் தசம எண்) மட்டும் உள்ள ஒரு ஸ்ட்ரக்ட்டை எடுத்துக்கொள்வோம், அளவு 16 பைட். 64 பிட் விண்டோஸில் (எக்ஸ்86-64, அதாவது இன்டெல், ஏஎம்டி வகைச் செயலிகளில்) 1, 2, 4, 8 பைட் ஸ்ட்ரக்ட்டுகள்தான் பதிவகத்தில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம், ரெஜிஸ்டர்) போகும் என்பதால், அழைக்கிற செயற்கூறு இதற்கு ஒரு நகல் எடுத்துவைத்து அந்த நகலின் முகவரியைத் தருகிறது. அழைக்கப்பட்டது உள்ளே என்ன மாற்றினாலும் மூலம் அப்படியே இருக்கும். சி மொழியின் கண்ணில் இது மதிப்புவழி அனுப்பல்தான் (மூலம் போகாமல் மதிப்பின் நகல் போவது), தொகுப்பி (கம்பைலர்) அதை நிறைவேற்றும் விதத்தில்தான் முகவரி வருகிறது. போவது நகலின் சுட்டி (முகவரியைத் தாங்கும் பாயின்டர்), அதனால்தான் ‘நகல்சுட்டி’ என்கிறேன். சுட்டி என்றால் மவுஸ் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் தேவையில்லை, சி படிக்கிறவர் யாரும் அங்கே குழம்பமாட்டார்.

அதே ஸ்ட்ரக்ட்டுக்கு லினக்ஸில் (எக்ஸ்86-64) நகல்சுட்டி கிடையாது. 8 பைட் துண்டுகளாக்கி எக்ஸ்எம்எம்0, எக்ஸ்எம்எம்1 என்ற பதிவகங்கள் இரண்டிலும் போட்டு அனுப்பிவிடுவார்கள். இதற்குத் ‘துண்டுவழி’ என்று வைக்கலாமா? இன்னொரு வேடிக்கை, ஒரு இன்ட் (4 பைட் முழு எண்), அடுத்து ஒரு ஃப்ளோட் (4 பைட் தசம எண்) என்று இருந்தால் இரண்டும் ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும், இன்ட் இருப்பதால் அந்தத் துண்டு முழு எண்ணாகவே கணக்காகி, ஃப்ளோட் முழு எண்ணுக்கான ஆர்டிஐ பதிவகத்தின் மேல்பாதியில் போய் உட்கார்ந்துவிடும்! மூன்று டபிள், அதாவது 24 பைட், என்றால் முழுதும் அடுக்கில் (நினைவகத்தில் உள்ள ஸ்டாக்) நகலாகிவிடும், முகவரிகூடத் தருவதில்லை. ஆகவே அதை நகல்சுட்டியோடு சேர்க்காமல் ‘அடுக்கு நகல்’ என்று தனியே வைத்துக்கொள்வோம்.

64 பிட் ஆர்ம் (ARM) செயலியில் 16 பைட்டைத் தாண்டினால் பொதுவாக நகல்சுட்டிதான், ஆனால் நான்கு டபிள் வரை மட்டுமே கொண்ட ஸ்ட்ரக்ட்டுக்கு விலக்கு உண்டு, அது 32 பைட் ஆனாலும் மிதவைப் பதிவகங்களில் (தசம எண்ணுக்கானவை) போகும். இதையெல்லாம் ‘நேரடி’, ‘மறைமுகம்’ என்ற இரண்டு பெட்டிக்குள் அடைத்தால் பாடம் எழுதுகிறவருக்குத்தான் திண்டாட்டம்.

‘அழைப்பு மரபு’ (காலிங் கன்வென்ஷன், செயற்கூறுக்கு மதிப்புகளை எப்படித் தருவது என்ற விதி) பற்றி எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, நல்ல சொல். ‘துண்டுவழி’ மட்டும் காதுக்குக் கொஞ்சம் உறுத்துகிறது, வேறு தோன்றினால் எழுதுங்கள், ‘நகல்சுட்டி’யைப் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடலாம்.