பல நாட்டார் சேர்ந்து நடத்தும் இணையத்தளத்தை எந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் கட்டுப்படுத்தும்?

கடற்கரைவீதி (வெள்ளவத்தை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் நாங்கள் ஐந்து பேரும், ரொறன்ரோ, இலண்டன், சென்னை ஆகிய நகரங்களில் உள்ள நண்பர்களும் சேர்ந்து, இலங்கையில் அச்சான பழைய தமிழ் நூல்களை ஸ்கேன் செய்து, தட்டச்சிட்டு, குறிப்புகளோடு வெளியிடும் தளமொன்றை ஆறு ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். எவரும் ஊதியம் பெறுவதில்லை. தளம் அமெரிக்க நிறுவனமொன்றின் வழங்கியில் (server) இருக்கிறது.

சென்ற மாதம் அந்த நிறுவனம் எங்கள் நூல்களுள் ஒன்றை முடக்கிவிட்டு, அதன் பிறகே எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. 1938இல் கொழும்பில் அச்சான 64 பக்கச் சிறுநூல் அது. தைத்திருந்த கம்பி துருவேறி, நடுத்தாள்களில் செம்புள்ளிகளாக ஊறியிருந்த பிரதியை, கம்பியைக் கழற்றித் தாள் தாளாகப் பிரித்து இரண்டு இரவுகள் இருந்து ஸ்கேன் செய்தவள் நான். நூலாசிரியர் 1951இல் காலமானார். ரொறன்ரோவில் வாழும் அவருடைய பேரன், உரிமை தமக்கே உரியது என்று முறைப்பாடு செய்திருக்கிறார்.

நூல் வெளியானது இலங்கையில், முறைப்பாட்டாளர் கனடாவில், வழங்கி அமெரிக்காவில், தட்டச்சிட்டவர் சென்னையில். இந்த நான்கு நாடுகளில் எதன் சட்டத்தைப் பார்த்து நாங்கள் நடக்க வேண்டும்?

வழங்கிக்காவல் எழுதியது:

வணக்கம் அம்மா. வழங்கி எந்த நாட்டில் உள்ளதோ அந்த நாட்டின் சட்டமே செல்லும் என்பதுதான் இத்தனை ஆண்டுப் பணியில் நான் கண்டது. 1998ஆம் ஆண்டின் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, முறையான அறிவித்தல் கிடைத்தவுடன் பக்கத்தை நீக்கினால்தான் வழங்கி நிறுவனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆகவே அவர்கள் உங்களிடம் முதலில் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

நீக்கியது தவறு என்று நீங்கள் எதிர் அறிவித்தல் அனுப்பலாம். ஆனால் அதில், வழங்கி நிறுவனம் இருக்கும் இடத்து அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை, அதாவது வழக்கை விசாரிக்கும் அதிகாரத்தை, ஏற்பதாக உங்கள் பெயரில் கையொப்பமிட வேண்டும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அப்படிக் கையொப்பமிடுவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். தளத்தை வேறு நாட்டு வழங்கிக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்பது என் எண்ணம்.

புதுக்கடை எழுதியது:

சட்டத்தரணியாகத் தொழில் செய்பவன் என்ற வகையில் எழுதுகிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் ஆவணங்களை நான் பார்க்கவில்லை.

வழங்கிக்காவல் அவர்கள் சொன்ன நடைமுறை சரியானது. ஆனால் வழங்கி இருக்கும் நாட்டின் சட்டம் மட்டுமே செல்லும் என்பதையும், வழங்கியை மாற்றினால் எல்லாம் தீரும் என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஓர் இணையத்தளத்துக்கென்று ஒரு நாட்டுச் சட்டம் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையான 1886ஆம் ஆண்டின் பேர்ண் சமவாயத்தில் இலங்கை 1959இலிருந்து உறுப்பு நாடாக இருக்கிறது. அதன் 5ஆவது உறுப்புரையின்படி, பாதுகாப்பின் அளவையும் அதற்கான பரிகாரத்தையும், எந்த நாட்டில் பாதுகாப்புக் கோரப்படுகிறதோ அந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கும். எனவே ஒரே பக்கம் ஒரு நாட்டில் குற்றமற்றதாகவும் இன்னொரு நாட்டில் உரிமை மீறலாகவும் இருக்கலாம்.

இதை உங்கள் நூலில் வைத்துப் பாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் ஆகும். 1951இல் காலமானவரின் உரிமை இங்கே 2021ஆம் ஆண்டு முடிவுக்குப் பின் இல்லை. ஐக்கிய இராச்சியத்திலும் நிலை அதுவே. இந்தியாவில் 60 ஆண்டுகள் என்பதால் அங்கே 2011உடன் முடிந்துவிட்டது. கனடா 2022 இறுதியில்தான் 50 ஆண்டுகளை 70 ஆக்கியது, அதுவும் ஏற்கெனவே காலாவதியான உரிமைகளுக்கு உயிர் கொடுக்காமல். ஆகவே முறைப்பாட்டாளர் வாழும் நாட்டிலேயே இந்நூலின் உரிமை 2001உடன் முடிந்துபோயிற்று.

அமெரிக்காவில் கதை வேறு. 1996 ஜனவரி 1ஆம் திகதி தாய்நாட்டில் உரிமை உயிரோடிருந்த வெளிநாட்டு நூல்களுக்கு, அமெரிக்கா தன் மண்ணில் உரிமையை மீட்டுக் கொடுத்தது. அன்று இலங்கையில் நடைமுறையில் இருந்த 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை பாதுகாத்ததால், உங்கள் நூல் அந்த வலைக்குள் விழுந்தது. அங்கே இத்தகைய பழைய நூல்களுக்கான காலம் வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள். தாய்நாட்டில் உரிமை பின்னர் முடிந்ததா என்பதை அந்த நாட்டுச் சட்டம் பார்ப்பதில்லை. ஆக 1938இன் நூல் அங்கே 2033 முடியும் வரை பாதுகாக்கப்படுகிறது. அதே ஆசிரியர் 1944இல் இறந்திருந்தால் 1994உடன் இங்கே உரிமை முடிந்திருக்கும்; அமெரிக்காவும் அதை மீட்டிருக்காது.

வழங்கியை மாற்றுவது பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து இயங்கும் குட்டன்பேர்க் மின்னூல் திட்டம், அங்கே பதிப்புரிமை இல்லாமல் பொதுவுடைமையான நூல்களையே வைத்திருந்தது. அவற்றுள் தோமஸ் மான், ஹைன்றிக் மான், அல்பிரட் டோப்லின் ஆகிய மூவரின் 18 நூல்களுக்கு ஜேர்மனியில் உரிமை மிஞ்சியிருந்தது. பிராங்க்பேர்ட் நீதிமன்றம் 2018இல், ஜேர்மனிய வாசகருக்கு அந்நூல்கள் கிடைப்பது அங்கே உரிமை மீறலே என்று தீர்ப்பளித்தது. திட்டத்தினர் சில ஆண்டுகள் ஜேர்மனி முழுவதையுமே தடுத்து வைத்திருந்து, 2021இல் இணக்கத்துக்கு வந்தார்கள். வழங்கி ஜேர்மனியில் இல்லை என்ற வாதம் அவர்களைக் காப்பாற்றவில்லை.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. ஆன் பிராங்க்கின் நாட்குறிப்பை இணைய நூலகமான டச்சு விக்கிமூலத்திலிருந்து, அதை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2016இல் நீக்கியது. நூல் டச்சு மொழியிலானது, பயனரும் பெரும்பாலும் டச்சுக்காரர். இருந்தும் 1947இல் வெளியான நூல் என்பதால் அமெரிக்கச் சட்டப்படி 2042 வரை உரிமை இருக்கிறது, அறக்கட்டளையோ அமெரிக்காவில் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மீறல் நடந்ததா என்ற கேள்வி வேறு, உரிமையாளர் யார் என்ற கேள்வி வேறு. நியூயோர்க்கில் 1998இல் தீர்ந்த ரஷ்யச் செய்தி நிறுவனமொன்றின் வழக்கில், உரிமையாளர் யார் என்பதைப் படைப்போடு நெருங்கிய தொடர்புள்ள நாட்டின் சட்டமும், மீறலை மீறல் நடந்த நாட்டின் சட்டமும் தீர்மானிக்கும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. ஆகவே அந்தப் பேரன் ஒரே வாரிசா, நூலாசிரியர் தம் உரிமையை அந்நாளில் அச்சகத்தாருக்கு எழுதிக் கொடுத்திருந்தாரா என்பவற்றுக்கு இலங்கைச் சட்டத்திலேயே விடை தேட வேண்டியிருக்கும். அவரிடம் இதைக் கேட்பதில் தவறில்லை.

ஏடுதேடி எழுதியது:

புதுக்கடை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நடைமுறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். படங்களையும் ஸ்கேன்களையும் சேமித்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகம், ஒரு படைப்பு முதலில் வெளியான நாட்டிலும் அமெரிக்காவிலும் எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கதாக இருந்தால்தான் ஏற்கும். உங்களுக்கும் அந்த இரட்டைச் சோதனை பொருந்தும். நூலொன்றைப் பதிவேற்றுவதற்கு முன் ஆசிரியர் இறந்த ஆண்டு, முதற்பதிப்பு ஆண்டு, அச்சான ஊர் ஆகிய மூன்றையும் குறித்து வைத்தால் பெரும்பாலான ஐயங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். இறந்த ஆண்டு கிடைப்பதுதான் கடினம். மரண அறிவித்தல்களையும் நினைவு மலர்களையும் புரட்டிப் புரட்டி ஒரே ஓர் ஆண்டைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆனதுண்டு.

நீங்கள் எழுதும் குறிப்புகளையும் மறந்துவிடாதீர்கள். அவை உங்களுடைய, இலண்டன் நண்பருடைய, சென்னை நண்பருடைய தனித்தனிப் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. எல்லோரும் ஒரே படைப்பாக்கப் பொதும (Creative Commons) உரிமத்தின் கீழ் வெளியிடுகிறோம் என்று எழுத்தில் உடன்படுங்கள். 2013இல் வந்த அந்த உரிமத்தின் நான்காம் பதிப்பு நாட்டுக்கு நாடு மாற்றி எழுதத் தேவையில்லாத வகையில் அமைந்தது. ஆனால் அந்த உடன்பாடு உங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். காலமான ஆசிரியரின் வாரிசை அது கட்டுப்படுத்தாது.

உரிமை இன்னும் முடியாத நூல்களுக்கு அனுமதி பெற்றிருந்தாலும் ஆசிரியரின் பெயரையும் வாசகத்தையும் மாற்றாதீர்கள். இலங்கைச் சட்டம் ஆசிரியரின் தார்மிக உரிமையை, அதாவது தன் பெயரும் வாசகமும் சிதையாதிருக்கும் உரிமையை, வேறாகப் பாதுகாக்கிறது. பழைய ணை, லை எழுத்துருவங்களை இன்றைய வடிவுக்கு மாற்றுவது வேறு. சொல்லையே திருத்துவது வேறு.

கடற்கரைவீதி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு எங்கள் குழுவோடு பேசினோம். எதிர் அறிவித்தல் அனுப்பப் போவதில்லை. 1938இன் நூலின் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், பக்க எண்ணிக்கை ஆகிய விபரங்களை மட்டும் தளத்தில் வைத்துக்கொண்டு, ஸ்கேன் செய்த பக்கங்களை 2034 ஜனவரி 1ஆம் திகதி வரை வெளியிடாமல் பாதுகாப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எங்களிடமுள்ள ஏனைய நூல்களுள் 1945க்குப் பின் காலமானவர்கள் எழுதியவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, முதற்பதிப்பு ஆண்டைச் சரிபார்க்கத் தொடங்கிவிட்டோம்.

பேரனுக்கு நானே எழுதினேன். முறைப்பாட்டைப் பற்றி ஒன்றும் பேசாமல், அவருடைய பாட்டனாரின் நூலின் துருப்பிடித்த பிரதி என்னிடம் இருக்கிறது, அதன் பக்கங்களைப் பார்க்க விரும்புகிறீர்களா என்று மட்டும் கேட்டேன். தம்மிடம் ஒரு பிரதியும் இல்லை என்று இன்று காலை பதில் எழுதியிருக்கிறார். அவருக்கு ஸ்கேன் பக்கங்களை அனுப்புகிறேன். அனுமதிக் கடிதத்தை எப்படி எழுதிக் கேட்பது என்று புதுக்கடை ஐயா ஒரு மாதிரி வாசகம் தந்தால் உதவியாக இருக்கும்.